பழைய பெற்றோல் லொறியில் ஒட்சிசன் சென்சரைக் கண்டுபிடித்து மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என்னுடைய டவுன் ஏஸ் லொறியில் முதன்முதலாக செக் எஞ்சின் லைற் எரிந்தபோது, கராஜில் பொனற்றைக் கூடத் திறக்காமல் "அண்ணை, இது ஓ டூ சென்சர்தான்" என்றார்கள், அதாவது ஒட்சிசன் சென்சர். நானும் புது சென்சர் வாங்கிக் கொடுத்தேன். பூட்டினார்கள். மூன்றாம் நாள் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றப் போகும் வழியில் அதே லைற் மறுபடி எரிந்தது. பழுது, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மனிபோல்ட்டின் கஸ்கற்றில் இருந்தது. சென்சர் பாவம், அங்கே காற்று உள்ளே வருகிறது என்று சரியாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு இந்த வேலையை வீட்டு முற்றத்தில் நானே செய்யத் தொடங்கினேன். இதுவரை என் லொறியிலும் சொந்தக்காரர் வாகனங்களிலுமாக ஐந்தாறு சென்சர் கழற்றியிருக்கிறேன். சென்சரைக் கழற்றிப் பூட்டுவது அரை மணி நேர வேலை. உப்புக்காற்றில் இருபது வருடம் நின்ற லொறியென்றால் அரை நாள் வேலை. ஆனால் கழற்ற வேண்டியது சென்சரைத்தானா என்று உறுதிப்படுத்துவதில்தான் காசு மிஞ்சுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பானர் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

முதலில், உங்கள் லொறியில் இந்தச் சென்சர் இருக்கிறதா?

யாழ்ப்பாணத்தில் ஓடும் லொறிகளில் பெரும்பாலானவை டீசல். பழைய எல்ஃப், கன்டர், டீசல் ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை இங்கேயே மூடிவிடலாம். பம்பும் இன்ஜெக்டரும் மட்டுமுள்ள அந்தக் காலத்து டீசல் எஞ்சினில் ஒட்சிசன் சென்சர் கிடையாது. கறுப்புப் புகை வந்தால் எயார் ஃபில்ரரையும் பம்பையும் பாருங்கள்.

பெற்றோல் லொறியிலும் காபரேற்றர் உள்ளதென்றால் பெரும்பாலும் இருக்காது. 1990களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே பழைய ஓஸ்ரின்களும் மொறிஸ்களும் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. என்ன ஊற்றினாலும் முறைப்பாடு செய்ய அவற்றில் ஒரு சென்சரும் இருக்கவில்லை. கண் எரிந்தது எங்களுக்குத்தான்.

ஆக, நமக்கு வேண்டியது பெற்றோலை இன்ஜெக்டர் வழியாகக் கொடுக்கும், கம்பியூட்டர் பெட்டி உள்ள வாகனம். இன்ஜெக்டர் எஞ்சினுள்ள சுசுகி கரி, பெற்றோல் டவுன் ஏஸ், பெற்றோல் ஹைலக்ஸ் போன்றவை இந்த வகை.

அது என்ன வேலை செய்கிறது?

பெற்றோல் முழுதாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த அளவு சரியா என்று எரிந்து வந்த புகையை முகர்ந்து சொல்வதுதான் சென்சரின் வேலை. உள்ளே சிர்கோனியாவால் செய்த, விரலுறை மாதிரியான ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் சாதாரண வெளிக்காற்று. இரண்டு பக்கத்திலும் ஒட்சிசன் அளவு வேறுபடும்போது சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. பெற்றோல் கூடினால் 0.9 வோல்ட்டை நெருங்கும், காற்று கூடினால் 0.1 வரை இறங்கும், நடுக்கோடு 0.45. நல்ல சென்சர் ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். கம்பியூட்டர் அதைப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும்.

இரண்டு விசயங்களை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்று, ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் இது வேலை செய்யும். அதற்காகத்தான் பிற்காலச் சென்சர்களுக்குள் ஒரு ஹீற்றர் வைத்தார்கள். இரண்டு, உட்பக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்று பல சென்சர்களில் வயரின் உள்ளிழைகளுக்கு இடையால்தான் போகிறது.

இந்தச் சென்சரை போஷ் நிறுவனம் உருவாக்கியது. 1976இல் வொல்வோ கார்களில் முதலில் வந்தது. அந்தக் காலத்திலிருந்தே இதன் பெரிய எதிரி ஈயம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது, அதனால் அந்தப் பயம் இப்போது இல்லை. இன்றைய எதிரிகளைப் பின்னால் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியைக் கையால் தொடர்ந்து போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும். முதலில் வார்ப்பிரும்பு மனிபோல்ட், அடுத்து குழாய், அப்புறம் கொஞ்சம் வீங்கின மாதிரி உள்ள, புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர், கடைசியில் சைலன்சர். மனிபோல்ட்டிலோ, அது குழாயோடு சேரும் இடத்துக்கு அருகிலோ, வயர் வால் தொங்கும் ஸ்பார்க் பிளக் போன்ற ஒன்று குத்தி நிற்கும். அதுதான் முதலாம் சென்சர். பெற்றோல் அளவைத் தீர்மானிப்பது இதுதான். கொன்வேட்டருக்குப் பின்னால் இன்னொன்று இருந்தால் அது இரண்டாம் சென்சர். கொன்வேட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. வாகனமே தன் பழுதைக் கண்டு பதிந்து வைக்கும், அமெரிக்காவில் 1996இலிருந்து கட்டாயமான ஓபிடி 2 முறையோடுதான் இந்தப் பின் சென்சர் பரவலானது. அதற்கு முந்தைய வாகனங்களில் அநேகமாக ஒன்று மட்டும்தான்.

நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சினில் குழப்பம் இல்லை. வீ 6 எஞ்சின் என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாக இருக்கும். முதலாம் சிலிண்டர் எந்தப் பக்கமோ அது பாங்க் 1, மற்றது பாங்க் 2. பழுதை வாசிக்கும் ஸ்கானர் "பாங்க் 1 சென்சர் 2" என்று சொன்னால் முதலாம் சிலிண்டர் பக்கத்துக் குழாயில் கொன்வேட்டருக்குப் பின்னால் உள்ளது. இதை மாறிப் புரிந்துகொண்டு நல்ல சென்சரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

டவுன் ஏஸ், சுசுகி கரி போன்றவற்றில் எஞ்சின் சீற்றுக்கு அடியிலோ தட்டுக்கு அடியிலோ ஒளிந்திருப்பதால் மேலிருந்து தெரியாது. என்னுடையதில் சீற்றைத் தூக்கி ரோச் அடித்தால் வயரின் பிளக் மட்டும் தெரியும், சென்சரைத் தொட லொறிக்கு அடியில்தான் போக வேண்டும். தேடிக் கிடைக்காவிட்டால் பிளக்கிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குங்கள். மாட்டைத் தேட முடியாவிட்டால் கயிற்றைப் பிடித்துப் போவது மாதிரி.

வயர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு வயர் என்றால் சிக்னல் மட்டும், எர்த் குழாய் வழியாக. இரண்டு என்றால் சிக்னலும் எர்த்தும். மூன்று என்றால் இரண்டு வயர் ஹீற்றருக்கு, ஒன்று சிக்னலுக்கு. நான்கென்றால் ஹீற்றருக்கு இரண்டு, சிக்னல் ஒன்று, எர்த் ஒன்று. டென்சோ நான்கு வயரில் கறுப்பு இரண்டும் ஹீற்றர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். போஷ், என்டிகே வகைகளில் வெள்ளை இரண்டும் ஹீற்றர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். கறுப்பு இங்கே சிக்னல், அங்கே ஹீற்றர் என்பதைக் கவனியுங்கள். வெட்டி ஒட்டும்போது இங்கேதான் தவறு நடக்கிறது. மேலே சொன்ன நிறங்கள் சென்சர் பக்கத்து வயருக்கு மட்டும், லொறிப் பக்கத்து வயரின் நிறம் வேறாக இருக்கும்.

சென்சர்தான் பழுதா?

அறிகுறிகள் தெரிந்தவைதான். பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். என்னுடையது லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்தது, 7க்கு இறங்கியது. புகைக்குழாய் வாயில் கரி படியும், பெற்றோல் மணக்கும், நிற்கும்போது எஞ்சின் ஆடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் தோற்கும். 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு எண்ணி எண்ணிப் பெற்றோல் கொடுத்தபோதுதான் பலருக்குத் தங்கள் வாகனம் எவ்வளவு குடிக்கிறது என்பதே தெரிந்தது. ஆனால் இந்த அறிகுறிகள் வேறு பத்துப் பழுதுக்கும் வரும்.

அடுத்தது கோட், அதாவது கம்பியூட்டர் பதிந்து வைக்கும் பழுது இலக்கம். ஓபிடி 2 பிளக் உள்ள வாகனத்தில் மலிவு ஸ்கானரே போதும். பி 0130 முதல் பி 0135 வரை முதலாம் சென்சர், பி 0136 முதல் பி 0141 வரை இரண்டாவது. இவற்றில் பி 0135, பி 0141 இரண்டும் ஹீற்றர் பற்றியவை. பி 0133 என்றால் சென்சர் மெதுவாகிவிட்டது. பி 0171 காற்றுக் கூட, பி 0172 பெற்றோல் கூட. கடைசி இரண்டில் ஒன்று வந்தால் சென்சர் செய்தி சொல்கிறது, அவ்வளவுதான். செய்தி கொண்டு வந்தவனை மாற்றிப் பயனில்லை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய வாகனங்களில் பிளக் அதே வடிவத்தில் இருந்தாலும் மலிவு ஸ்கானர் பேசாமல் போகலாம்.

பழைய டொயோட்டா என்றால் ஸ்கானரே வேண்டாம். எஞ்சின் பக்கத்தில் டயக்னோசிஸ் என்று மூடியில் எழுதிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் துளைகளின் பெயர் அச்சிட்டிருக்கும். டிஈ 1, ஈ 1 என்ற இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை ஓன் நிலைக்குத் திருப்புங்கள். செக் எஞ்சின் லைற் நிற்காமல் ஒரே தாளத்தில் சிமிட்டினால் கோட் எதுவும் இல்லை. இரண்டு சிமிட்டல், ஒரு இடைவெளி, ஒரு சிமிட்டல் என்றால் 21, அதாவது ஒட்சிசன் சென்சர் சுற்று அல்லது ஹீற்றர். 25 காற்றுக் கூட, 26 பெற்றோல் கூட. வயரைத் தவறான துளையில் செருகிவிடாதீர்கள், அதே பெட்டியில் பற்றரி மின்சாரம் வரும் துளையும் இருக்கிறது. என் முதல் பழுதில் வந்தது 25. அன்றைக்கு இந்தச் சிமிட்டலை எண்ணத் தெரிந்திருந்தால் புது சென்சருக்குக் காசு கொடுத்திருக்க மாட்டேன்.

இனி புகைக் கசிவு. சென்சருக்கு முன்னால் மனிபோல்ட்டில் வெடிப்போ கஸ்கற் பழுதோ இருந்தால் புகை வெளியே போகிறது என்று மட்டும்தான் நினைப்போம். ஆனால் ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையே குழாயில் அழுத்தம் குறையும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சென்சர் அந்த ஒட்சிசனைப் பார்த்துக் "காற்றுக் கூட" என்கிறது, கம்பியூட்டர் பெற்றோலை ஊற்றுகிறது. பெற்றோல் கரைகிறது, கரி படிகிறது, கோட் மட்டும் காற்றுக் கூட என்று நிற்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காது கொடுங்கள். "சிக் சிக்" என்று தையல் மெசின் மாதிரிச் சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் கசிவு. ஒருவர் ஈரச் சாக்கைப் புகைக்குழாய் வாயில் சில வினாடி அழுத்திப் பிடிக்க, மற்றவர் குளிர்ந்த மனிபோல்ட் இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கசிவு இல்லையா? சரி, வோல்ட்டும் ஓமும் அளக்கும் மீற்றரை எடுங்கள். டிஜிற்றல் மீற்றர்தான். முள் மீற்றரும் ரெஸ்ற் லாம்பும் சிக்னல் வயரில் வேண்டாம். சென்சர் தரும் மின்சாரம் மிகச் சிறியது, அவை அதை உறிஞ்சிவிடும்.

முதலில் ஹீற்றர். பிளக்கைக் கழற்றி, சென்சர் பக்கத்து இரண்டு ஹீற்றர் வயருக்கிடையே ஓம் அளவு பாருங்கள். பல பழைய டென்சோ சென்சர்களில் குளிர்ந்த நிலையில் 11 முதல் 16 ஓம் வரை காட்டும். வேறு வகைகளில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். மீற்றர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, சென்சர் முடிந்தது. ஹீற்றர் நன்றாக இருந்தும் ஹீற்றர் கோட் வந்தால், எஞ்சின் ஓடும்போது லொறிப் பக்கத்துப் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, வயர். மாரி காலத்தில் வெள்ளத்துக்குள் ஓடிய லொறிகளில் பிளக்குக்குள்ளேயே பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சிக்னல். பிளக்கைத் திரும்பப் பூட்டி, சிக்னல் வயர் பிளக்குக்குள் போகும் இடத்தில் பின்பக்கமாக ஒரு மெல்லிய குண்டூசியைச் செருகி, அதில் மீற்றரின் சிவப்பு முனை. கறுப்பு முனை பற்றரி நெகற்றிவ். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து வையுங்கள். எண் 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஆட வேண்டும். டொயோட்டா கணக்கில் 10 வினாடிக்கு எட்டுத் தடவையாவது. அசையாமல் நின்றால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். காற்று உள்ளே போகும் இன்ரேக் மனிபோல்ட்டிலிருந்து ஒரு வக்கும் ரியூபைக் கழற்றி விடுங்கள், எண் கீழே விழ வேண்டும். திரும்பப் போடுங்கள், எண் ஏற வேண்டும். இரண்டுக்கும் சட்டென்று அசைந்தால் சென்சர் உயிரோடு இருக்கிறது, பழுதை வேறு இடத்தில் தேடுங்கள். என்ன செய்தாலும் ஒரே எண்ணில் உறைந்து நின்றாலோ, யோசித்து யோசித்து மெல்ல நகர்ந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

ஹீற்றர் இல்லாத ஒரு வயர், இரண்டு வயர் சென்சர் 80,000 கிலோமீற்றர் ஓடினால் தன் கடமையைச் செய்துவிட்டது. ஹீற்றர் உள்ளவை 160,000 வரை போகும். மீற்றர் கணக்கை நம்பக்கூடிய லொறி என்றால் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்கும்போது

ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் எடுப்பிக்கலாம். ஆனால் பாவித்த சென்சரை வாங்காதீர்கள். பாவித்த கதவு, பாவித்த கியர்பொக்ஸ் வாங்குவது வேறு கதை. சென்சர் தேய்ந்து முடியும் பொருள், பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

பழைய சென்சரின் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் படம் எடுத்துக் கொண்டு போங்கள். டொயோட்டா என்றால் 89465 என்று தொடங்கும் இலக்கம் சாதாரண ஒட்சிசன் சென்சர். 89467 என்றால் எயார் ஃபியூவல் சென்சர். கண்ணால் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், பிளக் கூடச் சில வேளை பொருந்தும். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றது வேலை செய்யவே செய்யாது. சில பழைய நிசான்களில் சிர்கோனியாவுக்குப் பதில் ரைற்றேனியாவால் செய்த வகை வரும், அதற்கும் அதே வகைதான் வேண்டும்.

பொதுச் சென்சர் என்று பிளக் இல்லாமல் வயரோடு மட்டும் விற்பார்கள், விலை குறைவு. வயர் எண்ணிக்கை சரியாக இருந்தால் போடலாம். ஆனால் வயரை ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். வயர் இழைகளுக்கு இடையால் காற்றுப் போகிறது என்று சொன்னேனே, உருகிய ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். அழுத்தி இறுக்கும் கிரிம்ப் இணைப்பு போட்டு, மேலே சுருங்கும் ரியூப் ஏற்றுங்கள். என்னைக் கேட்டால், கொஞ்சம் கூடக் கொடுத்துப் பிளக்கோடு வருவதையே வாங்குவேன்.

கழற்றுதல்

பெரும்பாலான சென்சர்கள் 18 மில்லிமீற்றர் புரி, தலைக்கு 22 மில்லிமீற்றர் ஸ்பானர். சில பழைய டொயோட்டாக்களில் புரியே இல்லை. குழாயில் நிற்கும் இரண்டு ஸ்ரட்டில் (தலையில்லாத போல்ட்) 12 மில்லிமீற்றர் நட் பூட்டிய தட்டையான வகை, கீழே ஒரு கஸ்கற். எது உங்களுடையது என்று முதலே பார்த்து வையுங்கள். வயர் போக ஒரு பக்கம் வெட்டிய சென்சர் சொக்கற் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் முழு வளைய ஸ்பானர். திறந்த வாய் ஸ்பானரால் மல்லுக்கட்டாதீர்கள், தலை உருண்டுவிடும்.

முதல் நாள் மாலையே புரியடியில் டபிள்யூடி 40 போன்ற துருநீக்கி அடித்து விடுங்கள், இரவு படுக்க முன் இன்னொரு தடவை. குருநகரிலிருந்தோ மயிலிட்டியிலிருந்தோ மீன் ஏற்றிய லொறி என்றால் இரண்டு நாள் ஊற விடுங்கள். ஐஸ் தண்ணீரும் உப்பும் தட்டிலிருந்து வடிந்து நேராகப் புகைக்குழாயில்தான் விழுந்திருக்கும்.

லொறிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். செம்பாட்டு மண் மழைக்குப் பிறகு இளகும், ஜக் கண் முன்னே இறங்கும். ஜக்குக்கு அடியில் தடித்த பலகை, சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்ரான்ட், பின் ரயருக்குக் கல். ஸ்ரான்ட் இல்லாதவர்கள் பனங்குற்றி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். உளுத்துப்போகாத, இரண்டு பக்கமும் மட்டமாக அறுத்த குற்றியென்றால் ஓரளவுக்குச் சரி. அடுக்கிய கல்லு மட்டும் வேண்டவே வேண்டாம், பாரத்தில் வெடித்துச் சிதறும். கண்ணாடி போடுங்கள், மேலிருந்து துருதான் கொட்டும்.

பற்றரி நெகற்றிவைக் கழற்றுங்கள். எஞ்சினை ஏற்கெனவே இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டிருந்தால் குழாய் இளஞ்சூடாக இருக்கும், இரும்பு சற்று விரிந்திருக்கும், அது உதவும். கொதிக்கும் சூட்டில் செய்யாதீர்கள். கை போவது ஒரு பக்கம், புரியும் பிய்ந்துகொண்டு வரும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், வயர் கிளிப்பையும் விடுவியுங்கள். சென்சர் சுழலும்போது வயரும் கூடச் சுழலும், அதற்கு இடம் வேண்டும். ஸ்பானரைப் பூட்டி ஒரே இழுவையில் ஊக்கமாக இழுங்கள். அசைந்தால் கால் சுற்றுத் திருப்பி, துருநீக்கி அடித்து, மறுபடி இறுக்கும் பக்கம் கொஞ்சம், பின் கழற்றும் பக்கம். இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் புரி தப்பும்.

அசையாவிட்டால்? பழையதை எப்படியும் எறியப்போகிறோம், வயரை வெட்டிவிட்டு ஆழமான 22 சொக்கற்றை முழுதாக இறக்கி, நீளக் கைபிடி போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சூடு. குழாய்ப் பக்கத்து உலோகத்தைச் சூடாக்கி, ஆறிக்கொண்டிருக்கும்போது புரி விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்தால் உருகிய மெழுகு உள்ளே இழுபட்டுப் போகும். பழைய வெல்டிங்காரர் ஒருவர் காட்டித் தந்தது, இரண்டு தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நெருப்பு வேலையை வீட்டில் செய்யாதீர்கள். துருநீக்கி எரியும், பெற்றோல் குழாயும் பக்கத்தில் இருக்கும். லொறியை ஓட்டிக்கொண்டு போய் வெல்டிங் கடையில் செய்யுங்கள், முதலாம் சென்சர் கழற்றாத வரை லொறி ஓடும்தானே. ஸ்ரட் வகையில் ஸ்ரட் முறிந்தாலும் அதே இடம்தான் கதி. முறிந்த துண்டில் நட் வைத்து வெல்ட் பண்ணித் திருப்பி எடுப்பார்கள்.

பழைய முனை சொல்லும் கதை

கழற்றியதை எறிய முன் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு, சாம்பல் என்றால் வயதானதுதான். கறுத்த உலர் கரி என்றால் பெற்றோல் கூடுதலாக எரிந்திருக்கிறது. இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, பெற்றோல் பிரசர் கூடவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் புதியதும் கறுக்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு பழுப்பு என்றால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. வெள்ளைப் படிவு இரண்டு காரணத்தால் வரலாம். ஒன்று கூலன்ற் உள்ளே கசிவது, அதாவது ஹெட் கஸ்கற் பக்கம் பார்க்க வேண்டும்.

மற்றது சிலிக்கன். நம் ஊர் கராஜ்களில் கஸ்கற் வாங்குவதற்குப் பதிலாகக் குழாயிலிருந்து சிலிக்கனைப் பிதுக்கிப் பூசுவது பெரிய பழக்கம். அதன் ஆவி எஞ்சினுக்குள் போய் எரிந்து சென்சர் முனையில் கண்ணாடிப் படலமாகப் படிகிறது. கழுவினாலும் போகாது. சென்சருக்குப் பாதுகாப்பு என்று குழாயில் எழுதியுள்ள சிலிக்கனை மட்டும் பாவிக்கச் சொல்லுங்கள். சொன்னால் சிரிப்பார்கள், சொல்லுங்கள்.

பூட்டுதல்

துளையின் புரியைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்குங்கள். புரி காயப்பட்டிருந்தால் லேத் கடையில் 18க்கு 1.5 அளவான, புரி வெட்டும் ரப் போட்டுத் துப்புரவாக்கலாம். தட்டை வகை என்றால் பழைய கஸ்கற்றைச் சுரண்டி எடுத்துப் புதியது போடுங்கள்.

புதிய சென்சரின் புரியில் பெரும்பாலும் வெள்ளி நிறமோ செம்பு நிறமோ ஆன ஒரு பசை ஏற்கெனவே பூசியிருக்கும். அது இருந்தால் மேலே ஒன்றும் பூச வேண்டாம். இல்லாவிட்டால் புரி இறுகிப் பிடிக்காமல் காக்கும், சூடு தாங்கும் அன்ரி சீஸ் பசையை இரண்டு மூன்று புரியில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். முனையில் ஒரு துளியும் படக்கூடாது. சாதாரண கிறீஸ் வேண்டாம், எரிந்து புகைந்து முனையில் படியும். கீழே விழுந்த சென்சரையும் பூட்டாதீர்கள், உள்ளே இருப்பது பீங்கான் மாதிரிப் பொருள்.

கையாலேயே முழுதாகச் சுழற்றி உட்கார வையுங்கள். முதல் சுற்றிலேயே இறுகினால் புரி கோணல், கழற்றி மறுபடி தொடங்குங்கள். பிறகு ஸ்பானர். ரோர்க் ஸ்பானர் இருந்தால் 18 மில்லிமீற்றர் புரிக்கு 40 முதல் 45 நியூற்றன் மீற்றர், இரண்டு நட் வகைக்கு ஒவ்வொன்றும் 20 அளவில். வயர் முறுக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. புகைக்குழாயிலும் சுழலும் புரொப்பெலர் சாப்ற்றிலும் முட்டாமல் பழைய கிளிப்பிலேயே கட்டுங்கள். பிளக்குக்குள் டபிள்யூடி 40, கிறீஸ் எதையும் அடிக்காதீர்கள். அந்த எண்ணெயும் காற்றுப் போகும் வழியாக உள்ளே ஏறும்.

கடைசியாக ஓட்டிப் பார்த்தல்

பற்றரியைப் பூட்டுங்கள். பழைய டொயோட்டாவில் ஈஎஃப்ஐ ஃபியூசைப் பத்து வினாடிக்கு மேல் கழற்றிப் போட்டாலே கோட் அழியும், பற்றரி கழற்றியதில் ஏற்கெனவே அழிந்திருக்கும். ஓபிடி 2 என்றால் ஸ்கானரால் அழியுங்கள். எஞ்சினை ஓட விட்டு, பூட்டிய இடத்தில் சத்தம் கசிகிறதா கேளுங்கள். முதலில் பசை எரிந்து கொஞ்சம் புகை வரும், பயப்படத் தேவையில்லை. சூடானதும் அதே குண்டூசி, அதே 2,500 சுற்று. எண் ஆடுகிறதா பாருங்கள்.

பின் ஒரு நாள் முழுதாக ஓட்டுங்கள். கம்பியூட்டர் பழைய கணக்கை மறந்து புதிதாகப் படிக்க நேரம் எடுக்கும், முதல் நாள் நிற்கும்போது சற்று ஆடினாலும் சரியாகிவிடும். பி 0420 கோட் மட்டும் திரும்பி வந்தால் அது கொன்வேட்டர் கதை. பழைய லொறிகளில் யாரோ ஒரு கராஜில் அதன் உள்ளே இருக்கும் தேன்கூட்டை உடைத்து எடுத்திருப்பார்கள், உரிமையாளருக்கே தெரியாது. குழாயை ரப்பர்ச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வெறும் தகரச் சத்தம் வந்தால் உள்ளே ஒன்றுமில்லை, எத்தனை சென்சர் மாற்றினாலும் அந்த லைற் அணையாது.

என் லொறியில் மூன்று வருடம் கழித்து உண்மையாகவே 21 சிமிட்டியது. ஹீற்றரில் மீற்றர் வைத்தேன், ஒன்றும் காட்டவில்லை. மாற்றினேன். இரண்டாவது தாங்கி பெற்றோலில் லீற்றருக்கு 10 திரும்பி வந்தது. கராஜில் கழற்றித் தந்த அந்தப் பழைய நல்ல சென்சர் இப்போதும் ஆணிப் போத்தலுக்குப் பக்கத்தில் தட்டில் கிடக்கிறது.